முதல் லேபிளுக்கு யார் கையெழுத்து

மெஹ்ஜபின் அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதமும் மூத்த மருமகள் ரைசாவுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. இதை மூடி மறைத்துச் சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை. வந்தவள் அழகி என்பதற்காகவோ, நகை கூடுதலாகப் போட்டு வந்தாள் என்பதற்காகவோ எரியவில்லை. ரைசா அந்த ரகம் இல்லை. தாராபுரத்திலிருந்து வந்த இருபத்து மூன்று வயதுப் பெண், கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மாமனாரின் லேபிள் யூனிட்டுக்குள் காலை வைத்தாள். எரிந்தது அதற்குத்தான்.

மங்கலம் ரோட்டில் ஒரு பவர்லூம் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது மாமனார் அக்பரின் யூனிட். பனியன், டி-ஷர்ட்டுகளின் உள்பக்கத் தையலில் ஒரு வெள்ளைப் பட்டை தொங்கும் அல்லவா? எந்தச் சூட்டில் துவைக்க வேண்டும், இஸ்திரி போடலாமா கூடாதா என்று ஏழெட்டு மொழியில் பொடிப்பொடியாக எழுதியிருக்கும். வாங்கியவர்கள் முதல் வேலையாகக் கத்தரித்து எறிவார்கள். அந்தப் பட்டையைத்தான் அங்கே அச்சடித்தார்கள். அக்பரின் மூத்த மகன் அஹ்ஸன், ரைசாவின் கணவன், மெஷின் ஓட்டினான். இளையவன் ஆதிப் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு அலைந்து ஆர்டர் பிடித்து வந்தான். ரைசா முதல் லேபிள் பார்த்தாள்.

முதல் லேபிள் பார்ப்பது என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் மெஷினிலிருந்து முதலில் வரும் லேபிளைக் கத்தரித்து மேசையில் வைத்து, எழுத்துக்கு எழுத்துப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் அதை ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் ‘பாஸ்’ என்று போட்டு, பார்த்தவர் பெயரை எழுத வேண்டும். பெயர் விழாமல் அஹ்ஸன் மெஷினை ஓட்ட மாட்டான். அக்பரே வந்து ஓட்டச் சொன்னாலும் ஓட்ட மாட்டான். ஒன்பது வருடமாக அந்த நோட்டில் விழுந்தது ஒரே பெயர். வீட்டில் மாமியார் முனவர் பேகம் வைத்ததுதான் சட்டம், யூனிட்டில் மாமனார் வைத்ததுதான் சட்டம். அந்த மூன்றடி மேசை மட்டும் ரைசாவுடையது.

ரைசா பத்தாவதோடு நின்றவள். ஆங்கிலத்தையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் லேபிளில் வருகிற பதினான்கு மொழிகளையும் முகம் பார்த்தே சொல்லிவிடுவாள். வார்த்தைக்குள் ஐயும் ஜேயும் ஒட்டிக்கொண்டு வந்தால் டச்சு. ஓவின் குறுக்கே கோடு போட்டிருந்தால் டேனிஷ். என்ன அர்த்தம் என்று கேட்டால் ஒன்றுக்கும் தெரியாது. எந்த எழுத்து எப்படி இருக்கும் என்பது மட்டும் மனப்பாடம்.

அவளுக்கு ஒரு பெருமையான நாளும் உண்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி NLD என்று போட்டு ஒரு வாசகம் அனுப்பியது. இன்னொரு கம்பெனி DUT என்று போட்டு அனுப்பியது. அக்பரும் அஹ்ஸனும் இரண்டையும் இரண்டு மொழியென்று எண்ணி, அச்சடிக்க இரண்டு ரப்பர் பிளாக் செய்து, இரண்டு டிராயரில் வைத்துப் பூட்டி, ஒரு வருடம் பாதுகாத்தார்கள். ரைசாதான் ஒரு மத்தியானம் இரண்டு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “மாமா, இது ரெண்டும் ஒரே பாசைங்க. பேரத்தான் மாத்திப் போட்டுருக்கறாங்க” என்றாள். அக்பர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு மாதத்துக்கு, யூனிட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும், “என்ற மருமக கண்டுபுடிச்சா பாத்துக்குங்க” என்று சொல்லித் தீர்த்தார். அந்த ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு ரைசா ஆறு வருடம் ஓட்டியிருந்தாள்.

மெஹ்ஜபின் அதை ஒரே நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கினாள்.

புதிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றிலிருந்து ஆர்டர் வேலையைக் கவனிக்கும் கிருத்திகா என்ற மெர்ச்சண்டைசர் வந்திருந்தாள். அவர்களுக்கு நெதர்லாந்திலும் ஜப்பானிலும் கடை வைத்திருக்கும் பையர் கிடைத்திருந்தார். ஒவ்வொரு வாசகத்துக்கும் மேலே, அது எந்த மொழி என்று காட்டப் போடும் இரண்டு மூன்று எழுத்தைத்தான் கோடு என்பார்கள்; பையர் அந்தக் கோடு விஷயத்தில் கறாரானவர். முன்பு லேபிள் போட்டவர்கள் அந்தக் கோடுகளைக் கன்னாபின்னாவென்று போட்டுவிட்டார்கள் என்று கிருத்திகா குறைப்பட்டாள். டீ கொண்டுவந்த மெஹ்ஜபின் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். பி.காம். சி.ஏ. படித்தவள் அல்லவா, வாய் சும்மா இருக்குமா என்று ரைசா மனதுக்குள் பொருமினாள்.

“மாமா, ஒலகத்துல இருக்கற பாசைக்கெல்லாம் ஐ.எஸ்.ஓ. 639ன்னு ஒரு கோடு லிஸ்டு இருக்குதுங்க. இங்க பாருங்க” என்று போனை நீட்டினாள். “ஜப்பான் பாசைக்கு ரெண்டெழுத்துல JA. மூணெழுத்துல JPN, அது ஒண்ணுதான். டச்சுக்கு ரெண்டெழுத்துல NL. மூணெழுத்துல மட்டும் ரெண்டு இருக்குதுங்க, NLDயும் DUTயும். ஒண்ணு அவங்க பாசைய அவங்களே சொல்ற பேரு, இன்னொண்ணு இங்கிலீஷ்காரன் வெச்ச பேரு.”

ஒரு வருடம் இரண்டு டிராயரில் கிடந்து, தான் கண் வலிக்க ஒப்பிட்டுக் கண்டுபிடித்த சங்கதி, ஒரு விரல் தள்ளலில் வெளியே வந்து விழுவதை ரைசா பார்த்துக்கொண்டு நின்றாள். மாமனார் இப்போதாவது, ‘இதை எங்க ரைசா அப்பவே சொன்னா’ என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் மறந்தே போயிருந்தார்.

“கரெக்டுங்க” என்று கிருத்திகா துள்ளினாள். “இதுல பெரிய சிக்கலே ஜப்பான்தானுங்க. நெதர்லாந்துக்கு நாட்டுக்கும் NL, பாசைக்கும் NL. யாரும் தப்புப் பண்ண முடியாது. ஜப்பானுக்கு நாடு JP, பாசை JA. எல்லாரும் பாசை போட வேண்டிய எடத்துல JPயப் போட்டுர்றாங்க. எங்க பையர் திருப்பி அனுப்பிர்றாரு.”

அக்பர் எழுந்து போய் ஜப்பான் பிளாக்கை எடுத்து வந்தார். ரப்பர் பிளாக்கின் உச்சியில் கோடும், அதன் கீழே சலவை வாசகமும் ஒன்றாக வார்த்திருந்தது. உச்சியில் இருந்தது JP. ஒன்பது வருடமாக ரைசா பாஸ் போட்ட JP. எல்லோரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். யாரும் ரைசாவைப் பார்க்கவில்லை. அதுவே அவளுக்கு எல்லோரும் பார்த்தமாதிரி இருந்தது.

மெஹ்ஜபின் வழியும் சொன்னாள். ஒரு கம்பெனி JP கேட்கிறது, ஒன்று JA, இன்னொன்று JPN. டச்சிலும் அதே கதை. ஒவ்வொன்றுக்கும் புது பிளாக் வார்ப்பதற்குப் பதில், எல்லா பிளாக்கிலும் உச்சியில் இருக்கிற கோடு எழுத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிடலாம். கோடுகளைத் தனியாகச் சின்னச் சின்ன பிளாக்காகச் செய்துகொண்டு, யார் எதைக் கேட்கிறார்களோ அதை வாசகத்தின் மேலே ஒட்டிக்கொள்ளலாம். அஹ்ஸன்கூடத் தலையை ஆட்டினான். தன் புருஷன் தலையாட்டியதைப் பார்த்து ரைசாவுக்கு இன்னும் ஒரு கை கூடுதலாக எரிந்தது.

“அருமையான யோசனை கண்ணு” என்றார் அக்பர். அந்த சந்தோஷத்திலேயே இன்னொன்றும் சொன்னார். “இனிமே மொதல் லேபிளையும் நீயே பாரு. ரைசா பாவம், ஒம்போது வருசமா உக்காந்து கண்ணக் கெடுத்துக்கிட்டா. ஏம்மா ரைசா, நீ பேக்கிங்கப் பாத்துக்க. நோகாத வேல.”

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் முனவர் பேகத்திடம் அழவாவது செய்திருக்கலாம். ரைசா “சரிங்க மாமா” என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த தன் லென்ஸையும் கத்தரிக்கோலையும் எடுத்து மெஹ்ஜபின் பக்கம் நகர்த்தி வைத்தாள். நோட்டைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அந்த நோட்டைத் திறப்பதில்லை என்று மனதுக்குள் ஒரு சபதமும் எடுத்துக்கொண்டாள்.

பேக்கிங் மேசை மெஷினுக்கு மறுபக்கம் இருந்தது. அங்கே உட்கார்ந்து லேபிளை ஆயிரம் ஆயிரமாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட வேண்டும். கைதான் வேலை செய்தது. கண் முழுக்கத் தன் பழைய மேசையில் இருந்தது. மெஹ்ஜபின் அங்கே அழகாக ஒரு சார்ட் எழுதி ஒட்டினாள். மொழி, இரண்டெழுத்து, மூன்றெழுத்து, நாடு என்று கட்டம் கட்டமாக. ஜப்பானும் டச்சும் சிவப்பு மையில். வருகிற மெர்ச்சண்டைசர்கள் எல்லாம் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தான் ஒன்பது வருடம் தலையில் வைத்துக்கொண்டு திரிந்ததை எவரும் படம் எடுத்ததில்லையே என்று ரைசாவுக்கு ஆத்திரமாக வந்தது. தலைக்குள் இருப்பதை எப்படிப் படம் எடுப்பது என்று அவளிடம் நாம் கேட்கலாம். அந்த நேரத்தில் கேட்டால் நமக்கும் திட்டு விழும்.

போதாக்குறைக்கு மெஹ்ஜபினிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு முதல் லேபிளையும் கத்தரித்ததும் தன் மேசையில் வைத்துப் பார்ப்பாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு மெஷினைச் சுற்றி ரைசாவிடம் வருவாள்.

“அக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

முதல் தடவை வந்தபோது ரைசாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பதவியைப் பிடுங்கியதோடு விடாமல், அதைக் கொண்டுவந்து காட்டி வேறு மினுக்குகிறாளே என்று நினைத்தாள். “ம்” என்று மட்டும் சொன்னாள். ‘ம்’ என்றால் சரி. ஏதாவது கோணல் இருந்தால் விரலை வைத்து, “இங்க ஒரு புள்ளி விட்டுருக்குது” என்பாள். அதைக்கூடச் சொல்லாமல் இருந்திருக்கலாம்; ஆனால் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விட அவளால் முடியவில்லை. பழக்கதோஷம். மெஹ்ஜபின் “அப்புடீங்களா அக்கா” என்று ஓடிப்போய்ச் சரிசெய்வாள். பிறகு நோட்டில் எழுதிவிட்டு ‘பாஸ்’ என்று குரல் கொடுப்பாள், அஹ்ஸன் மெஷினை ஓட்டுவான். இப்படியே இரண்டு மாதம் போனது.

அந்தக் கறார் பையரின் பெரிய ஆர்டர் ஒரு புதன்கிழமை மெஷினுக்கு வந்தது. மூன்று மொழி. ஆங்கிலம், டச்சு, ஜப்பான். கோடு EN, NL, JA. “வாசகமெல்லாம் உங்க பழைய பிளாக்லயே சரியா இருக்குதுங்க, கோட மட்டும் மாத்திக் குடுங்க” என்று கிருத்திகா சொல்லியிருந்ததால் மாதிரி எதுவும் அனுப்பவில்லை. அஹ்ஸன் பிளாக்குகளை உருளையில் வரிசையாக ஒட்டினான். பிளாக்கில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறித்தான் இருக்கும். டச்சு பிளாக்கில் ஏ, பி, சி என்று நமக்குத் தெரிந்த எழுத்து இருப்பதால் எது மேல் எது கீழ் என்று யாருக்கும் தெரியும். ஜப்பான் பிளாக்குக்கு அதன் உச்சியில் இருந்த JPதான் அடையாளமாக இருந்தது. அந்த உச்சியைத்தான் பிளேடால் வெட்டிவிட்டார்களே. அஹ்ஸன் அதைக் கையில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பக்கமாக ஒட்டினான். மேலே புது JAவை நேராக ஒட்டினான்.

முதல் லேபிள் வந்தது. மெஹ்ஜபின் கத்தரித்தாள். சார்ட்டோடு ஒத்துப்பார்த்தாள். EN சரி. NL சரி. JA சரி. வரிகளை எண்ணினாள். அதுவும் சரி. பிறகு வழக்கம்போல எடுத்துக்கொண்டு ரைசாவிடம் வந்தாள்.

“அக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

ரைசா பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. JA என்ற கோடு நேராக நிற்க, அதன் கீழே ஜப்பான் வாசகம் முழுவதும் தலைகீழாகக் கிடந்தது.

வாயைத் திறந்துவிட்டாள். “ஏம்புள்ள” என்று பாதி வார்த்தை வந்தும்விட்டது. அப்போதுதான் மெஹ்ஜபினின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. JA சரியாக இருக்கிற நிம்மதி மட்டும் இருந்தது. இந்தக் கோடைக் கண்டுபிடித்ததற்குத்தானே அவ்வளவு கொண்டாட்டம்? கோடு தெரிந்தவளுக்கு எழுத்தின் கால் எது தலை எது என்று தெரியவில்லையே! ரைசாவின் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு எரியவில்லை.

“என்னங்க அக்கா?”

“ஒண்ணுமில்ல. சரியாத்தான் இருக்குது.”

“நெசமாவா? இன்னிக்கு ரொம்ப நேரம் பாத்தீங்க.”

“அதான் சொல்றேன்ல, சரியா இருக்குதுன்னு.”

மெஹ்ஜபின் போனாள். அவள் குனிந்து நோட்டில் எழுதுவது தெரிந்தது, பிறகு மெஷின் சத்தம் கேட்டது. இருபத்தாறாயிரம் லேபிள்.

ரைசா ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஒரு மணி நேரத்தில் அவள் கண் பேக்கிங்கை விட்டு மெஷின் பக்கமே போக ஆரம்பித்தது. லேபிள் அச்சடிக்கிற சாட்டின் துணி ரோல் தீர்ந்து, மாற்றுவதற்காக அஹ்ஸன் மெஷினை நிறுத்தினான். இப்போது சொன்னால்கூட ஐயாயிரத்தோடு போய்விடும். எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். வாசல் பக்கம் அக்பர், நூல் கடைக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “சின்ன மருமக வந்ததுக்கப்பறந்தானுங்க இந்த யூனிட்டே ஒரு யூனிட்டாட்ட இருக்குது. அதுக்கு முந்தி என்னமோ குருட்டாம்போக்குல ஓடிட்டிருந்துச்சு.”

குருட்டாம்போக்கு! ஒன்பது வருடம்! ரைசா திரும்பி வந்து உட்கார்ந்து ரப்பர் பேண்டை எடுத்தாள். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. தலைகீழ் ஜப்பான் லேபிளைத் தன் கையாலேயே ஆயிரம் ஆயிரமாகச் சுருட்டினாள்.

பன்னிரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு கிருத்திகா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கையில் ஒரு சாம்பல் நிற டி-ஷர்ட். முகம் சுண்டிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை கப்பல் ஏற வேண்டிய சரக்கு. இன்ஸ்பெக்ஷனுக்கு ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார்.

“அவரு சட்டையத் திருப்பினாருங்க. லேபிளப் பாத்தாரு. அப்பறம் சட்டையையே தலைகீழாப் புடிச்சுப் படிச்சாரு. அவ்வளவுதானுங்க, பெட்டியெல்லாம் எறக்கச் சொல்லிட்டாரு. எங்க ஆளுங்களும் JA சரியா இருக்குதான்னுதான் பாத்தாங்க. கீழ இருக்கறது யாருக்குத் தெரியுது? ஒவ்வொரு பீஸா சைடு தையலப் பிரிச்சு லேபிள் மாத்தோணும். வெள்ளிக்கெழமைக்குள்ள.”

யூனிட்டில் மெஷின் நின்றது. அக்பர் டி-ஷர்ட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அஹ்ஸன் வாங்கிப் பார்த்தான், அவனுக்கும் தெரியவில்லை. மெஹ்ஜபின் வாங்கிப் பார்த்தாள். திரும்பித் தன் சார்ட்டைப் பார்த்தாள். அக்பருக்கு மருந்து கொடுக்க வந்திருந்த முனவர் பேகம் என்ன ஏதென்று புரியாமல் மாத்திரையோடு நின்றார்.

ரைசா நோட்டு இருந்த மேசையைப் பார்த்தாள். பயம் பாதி, ஆவல் பாதி. இதோ இப்போது நோட்டை எடுப்பார்கள். பக்கத்தைத் திருப்புவார்கள். மெஹ்ஜபின் பெயர் வெளியே வரும். அப்போது அந்தச் சார்ட்டைப் படம் எடுத்தவர்கள் எல்லாம் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்கள்?

“நோட்ட எடு” என்றார் அக்பர்.

அஹ்ஸன் எடுத்துக் கொடுத்தான். அக்பர் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். புதன்கிழமைப் பக்கத்தில் அந்த லேபிள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுப் படித்தார். பிறகு முந்தின பக்கம், அதற்கு முந்தின பக்கம் என்று பின்னோக்கிப் போனார்.

“எல்லாத்துலயும் உம்பேருதானம்மா இருக்குது” என்று ரைசாவைப் பார்த்துச் சொன்னார்.

ரைசா நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். ‘பாஸ். ரைசா அக்கா.’ மெஹ்ஜபினின் குண்டு எழுத்து. இரண்டு மாதத்து எல்லா ஆர்டரும், ஒன்று விடாமல். ‘பாஸ். ரைசா அக்கா.’ மேசை கைமாறியதாக அவள் நினைத்த நாளிலிருந்து ஒரு நாள்கூட அது கைமாறவே இல்லை. அவள் ‘ம்’ என்று சொன்னதெல்லாம் பாஸ் ஆகியிருந்தது. அவள் எரிந்து எரிந்து செத்ததெல்லாம் எதற்காக?

“நாந்தானுங்க மாமா எழுதினேன்” என்றாள் மெஹ்ஜபின். “அக்காகிட்டக் காட்டாம ஒண்ணுகூட ஓட்டல. அதான் அவங்க பேர எழுதினேன். அவங்களக் கேக்காம எழுதுனது தப்புதான். கோட வெட்டச் சொன்னதும் நாந்தான். தப்பு என்னுதுங்க, அவங்கள ஒண்ணுஞ் சொல்லாதீங்க.”

“பாத்தியாம்மா நீ?” என்று கேட்டார் அக்பர். அதட்டவில்லை. “கவனிக்காம உட்டுட்டியா?”

கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வயசாகிறது, கண் மங்கிவிட்டது, பேக்கிங் வேலையில் கவனம் சிதறிவிட்டது, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எல்லோரும் மன்னிக்கத் தயாராக நின்றார்கள். ஆனால் ரைசாவுக்கு அந்தக் கேள்விதான் சுட்டது. கவனிக்காமல் விட்டாளா? யார்? ரைசாவா? ஜப்பான் எழுத்து தலைகீழாக இருப்பது தெரியாமல் ரைசா பாஸ் போட்டாள் என்றா நாளைக்கு மங்கலம் ரோடு முழுக்கப் பேச்சு வரும்? செய்த பாவத்தைக்கூட அவள் சுமந்திருப்பாள். தெரியாதவள் என்ற பேரைச் சுமக்க அவளால் ஆகவில்லை.

“பாத்தேனுங்க மாமா” என்றாள். “பாத்த நிமிசமே தலைகீழா இருக்குதுன்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுதான் சரியா இருக்குதுன்னு சொன்னேன்.”

ரைசா கண்ணை மூடிக்கொண்டாள். இடி விழட்டும் என்று காத்திருந்தாள்.

அக்பர் மெல்லச் சிரித்தார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. “பாத்தீங்களா முனவர்? சின்னவளக் காப்பாத்தறதுக்குப் பழியத் தூக்கித் தந்தலைல போட்டுக்கறா. ஏம்மா, பத்தாவது படிச்ச புள்ள நீ. நானே இத்தன வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன், எனக்கே தெரியல. ஜப்பான் எழுத்து நேரா தலைகீழாங்கறது உனக்கெங்கம்மா தெரியப்போகுது?”

“இல்லீங்க மாமா, எனக்குத் தெரியும்...”

“போதும்மா. பெரிய மனசு உனக்கு.”

முனவர் பேகம் மாத்திரையைக் கீழே வைத்துவிட்டு வந்து ரைசாவின் தலையைத் தடவினார். “மூத்தவன்னா இப்புடித்தான் இருக்கோணும். அல்லா உனக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டான்.” அஹ்ஸன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான்; கல்யாணமான புதிதில் பார்த்ததோடு சரி, அப்படி. கிருத்திகாகூட, “உங்க ஊட்டு ஒத்துமையப் பாத்தாப் பொறாமையா இருக்குதுங்க” என்றாள். ஆறு வருடமாக ரைசா ஏங்கிய பாராட்டெல்லாம் ஒரே காலைப்பொழுதில் வந்து கொட்டியது. அவள் உண்மையைச் சொன்னதற்கு, அது பொய் என்று நம்பி, அவர்கள் கொடுத்த பாராட்டு.

மெஹ்ஜபின் மட்டும் ரைசாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மத்தியானமே ரைசாவும் மெஹ்ஜபினும் தையல் பிரிக்கக் கம்பெனிக்குக் கிளம்பினார்கள். அஹ்ஸனும் அக்பரும் புது லேபிள் அடிக்க யூனிட்டில் தங்கினார்கள். கிளம்புவதற்கு முன் வந்த புது முதல் லேபிளை மெஹ்ஜபின் ரைசாவிடம் கொண்டுவரவில்லை. கிருத்திகாவின் போனில் ஜப்பான்காரருக்குப் படம் அனுப்பி, அவர் சரி என்ற பிறகு ஓட்டச் சொன்னாள்.

கம்பெனியின் செக்கிங் ஹாலில் நீள நீள மேசைகள். ஹிந்தி பேசும் பெண்கள் ஒரு பக்கம், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் ஒரு பக்கம், எல்லோர் கையிலும் தையல் பிரிக்கிற சின்னக் கத்தி. ரைசாவும் மெஹ்ஜபினும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சட்டையைத் திருப்பு, சைடு தையலில் இரண்டு அங்குலம் பிரி, லேபிளை உருவு, தள்ளு. அடுத்த சட்டை. ஒரு மணி நேரத்தில் மேசை நடுவில் லேபிள்கள் குவிந்தன.

பிறகு மெஹ்ஜபின் ஒரு லேபிளை உருவி மேசையில் நீவி வைத்தாள்.

“அக்கா, எத வெச்சுக் கண்டுபுடிக்கறீங்க?”

ரைசா நிமிர்ந்தாள். அந்தக் கேள்வியில் கேலி இல்லை, கோபமும் இல்லை. ஒன்பது வருடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. மாமனார் கேட்டதில்லை. புருஷன் கேட்டதில்லை. அவளை மீறி அவள் உடம்பு முன்னால் சாய்ந்தது. கத்தியின் முனையால் லேபிளைத் தொட்டுக் காட்டினாள்.

“இங்க பாரு, பொடியா ஒரு வட்டம் இருக்குதல்ல? நாம முற்றுப்புள்ளி வெக்கறாப்ல அவங்களுக்கு அது. வரி முடியற எடத்துல, எழுத்தோட காலுக்குப் பக்கத்துல கீழதான் உக்காந்திருக்கும். இதுல வரியோட ஆரம்பத்துல, மேல தொங்கிட்டிருக்குது பாரு. அதப் பாத்தா எந்தத் தூரத்துலருந்தும் சொல்லிர்லாம்.”

மெஹ்ஜபின் லேபிளைத் திருப்பினாள். வட்டம் வரியின் கடைசிக்கு, கீழே வந்தது. மறுபடி திருப்பினாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“அப்ப மாமாகிட்டச் சொன்னது பொய்யில்லீங்க” என்றாள்.

ரைசாவின் கத்தி நின்றது. தன் திறமையை நம்பிய ஒரே ஆளுக்குத் தன் வாயாலேயே சாட்சி சொல்லி முடித்திருந்தாள்.

“ஆமா” என்றாள் கடைசியில்.

மெஹ்ஜபின் அடுத்த சட்டையை எடுத்தாள். பிரித்துக்கொண்டே பேசினாள், நிமிரவில்லை.

“நோட்டுல உங்க பேர எழுதுனது மரியாதைக்குன்னு நெனச்சுக்காதீங்க அக்கா. லிஸ்டப் பாத்து எனக்குக் கோடுதான் தெரியும். அதுக்குக் கீழ இருக்கற எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னுதான் தெனமும் கொண்டாந்து காட்டுனேன்.”

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரைசா சொல்லியிருப்பாள். நீ வந்த நாளிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை என்று சொல்லி, காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பாள்.

ரைசா கத்தியை எடுத்தாள். சட்டையைத் திருப்பினாள், பிரித்தாள், தள்ளினாள். மெஹ்ஜபின் பக்கம் பிரித்துப் போட்ட சட்டைகள் தன் பக்கத்தைவிட நிறைய இருப்பது அவள் கண்ணில் பட்டது. இந்த நேரத்திலும் அதுதான் கண்ணில் படுகிறது என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.